வினாப்பட்டியல் ஏறாத மலை

தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, 24 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வத்தல்மலை இருக்கிறது. காபி, மிளகு, பலா, சாமை, கேழ்வரகு விளையும் மலை. மலையாளி பழங்குடியினரின் ஊர்கள். 2021-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மேலே வந்து மக்களைச் சந்தித்தார். அரசுப் பேருந்து ஏறத் தொடங்கியது அண்மை ஆண்டுகளில்தான். பேருந்து வருவதற்கு முன்பும் வேலை தேடி ஆட்கள் கீழே இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த மலையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தகப்பனுக்கு ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம். பறிப்புக் காலத்தில் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலிக்கும் போவார். மூத்த மகன் ஓசூரில் உதிரிபாக ஆலை ஒன்றில் காண்டிராக்டில் இருக்கிறான். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். இளையவன் மேஸ்திரி கூப்பிடும்போதெல்லாம் கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறான். நால்வருக்கும் வேலை இருக்கிறது, வேலை தருகிறவர் இருக்கிறார். ஆள் எடுப்பு, கூலி, நேரம், லீவு, விபத்து, வெளியேற்றம் எல்லாம் இருக்கின்றன. மனிதவள மேலாண்மை என்று கல்லூரிகளில் சொல்லித்தரப்படுவது இவற்றைப் பற்றித்தான்.

வளர்ந்துவரும் சந்தைகள் எனப்படும் நாடுகளின் மனிதவள மேலாண்மையை ஒப்பிட்டு நாற்பது ஆண்டுகளாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகின்றன. முதலீட்டாளர் அந்த எண்ணைப் படிக்கிறார், மேலாண்மைப் பாடநூல் அதை மேற்கோள் காட்டுகிறது, அரசின் கொள்கைக் குறிப்பிலும் அது நுழைகிறது. அந்த ‘இந்தியா’வுக்குள் வத்தல்மலை வீட்டின் நால்வரில் யார் இருக்கிறார்கள் என்று தேடிப்பார்த்தால், பெரும்பாலான ஆய்வுகளில் ஒருவரும் இல்லை. நல்லெண்ணமும் கடும் உழைப்பும் கொண்ட ஆய்வாளர்கள் செய்த வேலை இது. அவர்கள் எந்த இடத்தில் நின்று கேட்டார்கள், யாரைக் கேட்டார்கள் என்பதில்தான் இந்த விடுபடல் தொடங்குகிறது.

நாடுகளை வினாப்பட்டியலால் ஒப்பிடும் பழக்கத்துக்குப் பெரிய உந்துதல் தந்தவர் டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட். ஐ.பி.எம். நிறுவனம் 1967 முதல் 1973 வரை தன் கிளைகளில் ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய ஏறத்தாழ 1,16,000 படிவங்களை வைத்து, 1980-இல் நாற்பது நாடுகளின் பண்பாட்டுக்கு மதிப்பெண் போட்டார். இந்தியாவும் அதில் உண்டு. ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் ஒரு நாட்டுக்கே பேசினார்கள். 1990-களில் ராபர்ட் ஹவுஸ் தொடங்கிய ‘குளோப்’ ஆய்வு 62 சமூகங்களில் சுமார் 17,000 இடைநிலை மேலாளர்களைக் கேட்டு, 2004-இல் வெளியானது. உணவு பதப்படுத்தல், நிதி, தொலைத்தொடர்பு என்ற மூன்று துறைகளிலிருந்து ஆட்களை எடுத்தார்கள். பரப்பு பெருகியது, கேட்கப்பட்டவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவராகவே தொடர்ந்தார்.

மனிதவளத்தை மட்டும் நேரடியாக ஒப்பிடும் பெருமுயற்சி ‘கிரானெட்’. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் 1989-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகளுடன் தொடங்கி, பின்னர் சுமார் நாற்பது நாடுகளுக்குப் பரவியது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘உங்கள் பயிற்சித் திட்டம் சிறப்பானதா?’ என்று அது கேட்பதில்லை. ஊழியர்களில் எத்தனை விழுக்காட்டினர் பயிற்சி பெற்றார்கள், ஆண்டுச் சம்பளச் செலவில் எவ்வளவு பயிற்சிக்குப் போனது என்பதுபோல எண்ணால் பதில் சொல்லத்தக்கதைக் கேட்கிறது. அபிப்பிராயம் நாட்டுக்கு நாடு வளையும். எண்ணிக்கை அவ்வளவாக வளையாது. ஆனால் பதில் சொல்பவர் அந்த நிறுவனத்தின் மனிதவளத் தலைவர். மனிதவளத் துறை என ஒன்று இருக்கும் அளவுக்குப் பெரிய நிறுவனமாக இருந்தால்தான் படிவமே போய்ச் சேரும்.

இந்தியாவை மையமாக வைத்துச் செய்த ஆய்வுகளில் பவன் புத்வாரும் பால் ஸ்பாரோவும் செய்தது முன்னோடி. 137 இந்திய நிறுவனங்களையும் 93 பிரிட்டிஷ் நிறுவனங்களையும், ஒவ்வொன்றிலும் 200 பேருக்கு மேல் வேலை பார்ப்பவை, உற்பத்தித் துறையில் தேர்ந்து ஒப்பிட்டார்கள். ஒரே கொள்கையை இரு நாட்டு மேலாளர்களும் வெவ்வேறு காரணங்களால் ஏற்கிறார்கள் என்று நேர்காணல்களோடு சேர்த்துக் காட்டியது அந்த ஆய்வின் பலம். படிவத்தில் விழும் ஒரே மாதிரியான இரண்டு ‘ஆம்’களுக்குள் இரண்டு வெவ்வேறு உலகங்கள் இருக்கலாம் என்பதை அவர்கள் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் போனஸ். ‘அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் போனஸ் தருகிறீர்களா?’ என்பது எல்லா வினாப்பட்டியல்களிலும் வரக்கூடிய எளிய கேள்வி. இந்தியாவில் 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வழிவந்த விதிப்படி 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் குறைந்தது 8.33 விழுக்காடு தந்தாக வேண்டும், லாபம் வந்தாலும் வராவிட்டாலும். ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் அது. தீபாவளிக்கு முன் கைக்கு வரும். பிரேசிலில் 1962-இலிருந்து பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சட்டம். இந்தோனேசியாவில் பெருநாளுக்கு முன் ஒரு மாதச் சம்பளம் கட்டாயம். இந்த மூன்று நாட்டு மேலாளர்களும் ‘ஆம், எல்லோருக்கும் தருகிறோம்’ என்று கட்டம் போடுவார்கள். சட்டக் கட்டாயம் இல்லாத ஒரு நாட்டில் அதே கட்டம் நிறுவனத்தின் ஊக்கக் கொள்கையைக் குறிக்கும். இவற்றை ஒன்றாகக் கூட்டினால், தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமை நிர்வாகத்தின் நற்பண்பாகப் பதிவாகிவிடும். இது சிறு பிழை அல்ல. யார் கொடுத்தது, யார் வாங்கியது என்ற வரலாறே தலைகீழாகிறது.

தொழிற்சங்கம் பற்றிய கேள்வியும் இப்படித்தான். சீனாவில் சங்கம் உண்டா என்றால் உண்டு; அது கட்சியின் கீழ் இயங்கும் அகிலச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கிளை. தென்னாப்பிரிக்காவில் சங்கம் என்பது துறை முழுவதற்கும் கூலி பேசும் சக்தி. நம் ஊரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலை 2007-இல் தொடங்கியது. 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. முதன்மைக் கோரிக்கையே சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு படிவம் போயிருந்தால் சங்கம் ‘இல்லை’, வேலைநிறுத்தம் ‘இல்லை’ என்று வந்திருக்கும். அட்டவணையைப் படிப்பவர் அதைச் சுமுகமான தொழில் உறவு என்றே வாசித்திருப்பார்.

இனி முறை சார்ந்த குறைகளுக்கு வருவோம். 1995-இல் மார்க் ஹியூசெலிட் 968 அமெரிக்க நிறுவனங்களை வைத்து, நல்ல மனிதவள நடைமுறை லாபத்தைக் கூட்டுகிறது என்று காட்டினார். நிறுவனத்துக்கு ஒருவர் நிரப்பிய படிவம். அனுப்பியவற்றில் நிரம்பித் திரும்பியது சுமார் 28 விழுக்காடு. துறையையே திருப்பிப்போட்ட கட்டுரை அது. ஐந்து ஆண்டு கழித்து ஜெர்ஹார்ட்டும் அவருடைய சகாக்களும், ஒரே நிறுவனத்தில் இரண்டு மூன்று பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று மிகக் குறைவாகவே ஒத்துப்போயின. ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு அதிகாரிகளே ஒத்துப்போகவில்லை என்றால், அவர்களில் ஒருவரின் பதிலை வைத்து இந்தியாவையும் மெக்சிகோவையும் ஒப்பிடுவது எவ்வளவு தாங்கும்? இந்தக் கேள்வி அப்போதே துறையை உலுக்கியிருக்க வேண்டும். உலுக்கவில்லை, ஒருவர் நிரப்பும் படிவங்கள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன, ஏனென்றால் அவை மலிவு.

ஐந்து கட்ட அளவுகோலும் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. 26 நாடுகளை வைத்து ஆன்-வில் ஹார்சிங் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, சில நாட்டவர் ஓரக் கட்டங்களையும் சிலர் நடுக்கட்டத்தையும் நாடுவதையும், படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் பதில்கள் நடுவுக்கு நகர்வதையும் காட்டியது. இதற்கு ஒரு நல்ல மருந்தை கேரி கிங்கும் சகாக்களும் 2004-இல் முன்வைத்தார்கள். அரசின் மீது உங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று நேராகக் கேட்டபோது, மெக்சிகோக்காரர்களைவிடச் சீனர்கள் அதிகம் என்றார்கள். பிறகு கற்பனை மனிதர்கள் சிலரின் நிலையைச் சிறு கதைகளாகச் சொல்லி அவர்களுக்கும் மதிப்பெண் போடச் சொல்லி, அதை அளவுகோலாக வைத்துத் திருத்தியபோது வரிசை மாறிவிட்டது. மனிதவள ஆய்வுகளில் இந்த உத்தி போதிய அளவு பயன்படுவதில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லி, ‘இவளுக்கு வேலைச் சுமை எவ்வளவு?’ என்று முதலில் கேட்டுவிட்டு, ‘உங்களுக்கு?’ என்று பின்னால் கேட்டால், திருப்பூரின் பதிலையும் டாக்காவின் பதிலையும் பக்கத்தில் வைக்க ஒரு பொது அளவு கிடைக்கும்.

இதுவரை வந்தவற்றில் மிகச் சீராக வடிவமைக்கப்பட்டது நிக் புளூமும் ஜான் வான் ரீனனும் முன்னெடுத்த உலக மேலாண்மை ஆய்வு. 50 முதல் 5,000 பேர் வரை வேலை செய்யும் ஆலைகளின் மேலாளர்களோடு தொலைபேசியில் பேசி, 18 நடைமுறைகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். ஆம், இல்லை கேள்விகள் கிடையாது. நடப்பதைச் சொல்லவைத்து, உதாரணம் கேட்பார்கள். தனக்கு மதிப்பெண் போடப்படுவது மேலாளருக்குத் தெரியாது. அந்த ஆலையின் லாப நட்டம் கேட்பவருக்குத் தெரியாது. இந்தியா, சீனா, பிரேசில் சராசரியில் அமெரிக்காவுக்குக் கீழே நின்றன. ஆனால் ஒரே நாட்டுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. நல்ல இந்திய ஆலைகள் எந்த நாட்டு ஆலைக்கும் சளைத்தவை அல்ல. நாட்டுச் சராசரியை மட்டும் எடுத்துப் பேசுவோர் இந்த இரண்டாவது முடிவை மறந்துவிடுகிறார்கள்.

 

அந்த 18 நடைமுறைகளில் ஒன்று, சரியாக வேலை செய்யாதவரை நிர்வாகம் எவ்வளவு விரைவாக மாற்றுகிறது அல்லது நீக்குகிறது என்பது. விரைவாக நீக்கினால் மதிப்பெண் கூடும். கண்காணிப்பைவிட ஊக்கம், நீக்கம் சார்ந்த பிரிவில் இந்தியாவும் சீனாவும் ஒப்பீட்டளவில் நன்றாகச் செய்தன என்று அவர்களின் 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. ஓசூரில் காண்டிராக்டில் இருக்கும் பையனை நாளைக்கு வராதே என்று சொல்ல ஒரு போன் போதும். அந்தச் சுலபம் நல்ல மேலாண்மைக்கான மதிப்பெண்ணாக ஏறக்கூடும். அளவுகோல் யார் பக்கத்திலிருந்து வரையப்பட்டது என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது.

மாதிரியை எந்தப் பட்டியலிலிருந்து எடுப்பது என்ற மாதிரிச் சட்டகத்துக்கு இப்போது வரலாம். உலக வங்கியின் நிறுவன ஆய்வு பதிவு பெற்ற, ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள, விவசாயம் அல்லாத தனியார் நிறுவனங்களை எடுக்கிறது. நம் அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு மின்சாரம் பயன்படுத்தும் ஆலையில் 10 பேர், பயன்படுத்தாத ஆலையில் 20 பேர் என்ற வரம்பை வைத்து நடந்து வந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் எனப் பலதும் தந்த 1951-ஆம் ஆண்டுச் சட்டம், 5 ஹெக்டேருக்கும் 15 பேருக்கும் கீழான தோட்டத்தைத் தொடவில்லை. வத்தல்மலைக் காபித் தோட்டங்கள் சிறு விவசாயிகளுடையவை. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கும் ஆய்வின் கண்ணுக்கும் ஒரே இடத்தில் திரை விழுகிறது.

மக்கள்தொகை வழியாகப் போனாலும் மலை எளிதில் அகப்படாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மலையாளிப் பழங்குடியினர் 3,57,980 பேர். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி அவர்கள்தான். ஆனாலும் மொத்த மக்கள்தொகையில் அரை விழுக்காடு. பத்தாயிரம் பேரைக் கொண்ட மாநில அளவிலான மாதிரியில் ஐம்பது பேர் வரலாம். அந்த ஐம்பதும் ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி, பச்சைமலை என்று சிதறிப்போகும்.

ஆலைக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடுமா? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த விடுதிகள் ஊருக்குத் தெரிந்தன. ஆள் எடுப்பதும் தங்கவைப்பதும் சோறு போடுவதும் ஒப்பந்தக்காரர்கள் கையில். தலைமையகத்து மனிதவள அதிகாரி நேர்மையாகவே படிவத்தை நிரப்பினாலும் அவருடைய ஊழியர் பட்டியலில் அந்தப் பெண்கள் இல்லை.

இது நமக்குப் புதிதும் அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டியது கங்காணி. முன்பணம் கொடுத்ததும், கடனைச் சுமத்தியதும், பிரட்டுக் களத்தில் பேர் பதிந்ததும் அவரே. கடனோடு ஆளையே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய ‘துண்டு’ முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1929-இலிருந்து ஊர் ஊராகப் போய் சாட்சியம் வாங்கி, 1931-இல் அறிக்கை தந்தது. ஆள் எடுப்பதிலும் நீக்குவதிலும் இடைத்தரகருக்கு இருந்த பிடியை அது விரிவாகப் பேசியது. ஆலைகளில் தொழிலாளர் அதிகாரியை வைக்கச் சொன்னது. 1948 தொழிற்சாலைச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைக்கு நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. இன்றைய எச்.ஆர். அறையின் மூதாதை அந்த நல அலுவலர்தான். தரகரை விலக்கத்தான் அந்த நாற்காலி போடப்பட்டது. இப்போது தரகர் வெளியிலிருந்து முழு வேலையையும் செய்கிறார். ஆய்வுப் படிவமோ நாற்காலிக்கு மட்டுமே போகிறது.

வீட்டிலிருந்து கேட்டால் என்ன தெரியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய், வேலை செய்பவரின் பக்கத்திலிருந்து கேட்கிறது. அதன் முதல் ஆண்டு முடிவுகளின்படி, விவசாயம் அல்லாத துறையில் மாதச் சம்பளக்காரர்களில் 71.1 விழுக்காட்டினருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லை, 54.2 விழுக்காட்டினருக்குச் சம்பளத்தோடு லீவு இல்லை, 49.6 விழுக்காட்டினருக்குச் சமூகப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கூலிக்காரர்களைப் பற்றிய எண்கள் அல்ல இவை. நிலையான வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றியவை. மனிதவளத் தலைவர்கள் நிரப்பிய எந்தப் படிவத்திலிருந்தும் இப்படி ஒரு இந்தியா எழுந்து வராது. என்னைக் கேட்டால், மனிதவளத்தைப் பற்றி இந்நாட்டில் எடுக்கப்பட்ட மிக முக்கியமான ஆய்வு இதுதான், மேலாண்மைப் பத்திரிகைகள் இதை அந்தப் பெயரில் அழைக்காவிட்டாலும்.

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் ‘சுமங்கலி’த் திட்டம் வெளிச்சத்துக்கு வந்த விதமும் இதையே சொல்கிறது. மூன்று ஆண்டு வேலை முடிந்தால் மொத்தத் தொகை என்று சொல்லி, இளம்பெண்களை விடுதியில் வைத்து நடத்திய முறை அது. நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் அதன் கூட்டாளிகளும் 2011-இலும் 2014-இலும் வெளியிட்ட அறிக்கைகள் ஆலைக்கு வெளியே பெண்களைச் சந்தித்துக் கேட்ட பதில்களால் ஆனவை. விடுதிச் சுவருக்குள், வார்டன் காதில் விழும் தூரத்தில் கிடைக்கும் பதில் வேறு. லீவில் ஊருக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கும் பதில் வேறு.

வீட்டுக் கணக்கெடுப்புக்கும் குறைகள் உண்டு. ஊரில் இல்லாதவருக்காகத் தகப்பனோ அண்ணியோ பதில் சொல்வார்கள். பெங்களூரில் அவனுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று அவர்களுக்குத் தெரியாது. மலைக்கு யார் படிவத்தோடு வந்தாலும் அரசாங்கம் வந்ததாகவே கொள்வார்கள். பட்டா, ரேஷன், வீடு எது கிடைக்குமோ அதை மனத்தில் வைத்துப் பதில் வரும். சம்பளச் சீட்டைப் பார்த்தே இராதவரிடம் பி.எஃப். பற்றிக் கேட்டுப் பயனில்லை. நிறுவனத்தின் பயிற்சிச் செலவையோ பதவி உயர்வு விதிகளையோ வீட்டுத் திண்ணையில் அறிய முடியாது. ஆகவே இரண்டு பக்கமும் வேண்டும், ஒன்றோடொன்று கோத்த வடிவில் வேண்டும்.

அப்படிக் கோத்த முயற்சிகள் உலகில் இருக்கின்றன. பிரிட்டனின் பணியிட உறவு ஆய்வு 1980-இல் மேலாளர்களோடும் சங்கப் பிரதிநிதிகளோடும் தொடங்கி, 1998-இலிருந்து அதே பணியிடத்து ஊழியர்களையும் தனியாகக் கேட்டது. நிர்வாகம் கலந்து பேசுகிறோம் என்று சொன்ன இடத்தில் ஊழியர் என்ன சொன்னார் என்று அங்கே சரிபார்க்கலாம். பிரேசில் 1975-இலிருந்து ஒவ்வொரு முதலாளியும் ஒவ்வொரு பதிவுத் தொழிலாளியைப் பற்றியும் ஆண்டுதோறும் தகவல் தரவேண்டும் என்று வைத்திருக்கிறது. வளர்ந்துவரும் நாடு ஒன்று செய்த இந்த வேலையை வளர்ந்த நாடுகளின் ஆய்வாளர்கள் தேடிப்போய்ப் பயன்படுத்துகிறார்கள். பதிவுக்கு வெளியே இருப்பவர்கள் அதிலும் இல்லை. இந்தியாவில் அவர்களே பெரும்பான்மை என்பதால், நாம் தலைகீழாகத் தொடங்க வேண்டும்: முதலில் வீடு, வீட்டில் இருப்பவர் சொல்லும் பணியிடம், அங்கிருந்து காண்டிராக்டர், கடைசியாகத்தான் கம்பெனி.

அதற்குப் புதிய அமைப்பு ஒன்றும் தேவையில்லை. 2025 ஜனவரியிலிருந்து தொழிலாளர் கணக்கெடுப்பு மாதந்தோறும் முடிவு தரும் வகையில் மாற்றப்பட்டு, மாவட்டமே மாதிரியின் அடிப்படை அடுக்காகியிருக்கிறது. அந்தப் படிவத்தில் நான்கு கேள்விகள் சேர்த்தால் போதும். இந்த வேலையில் சேர்த்துவிட்டது யார்? சேரும்போது முன்பணம் வாங்கினீர்களா? சம்பளம் யார் கையிலிருந்து அல்லது யார் கணக்கிலிருந்து வருகிறது? வேலையில் அடிபட்டால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? நான்குக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தயங்காமல் பதில் சொல்லலாம். ஐந்து கட்ட அளவுகோல் எதிலும் இல்லை. நைஜீரியாவிலும் வியட்நாமிலும் இதே நான்கைக் கேட்க முடியும். சட்டங்கள் எவ்வளவு வேறுபட்டாலும் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும்.

தருமபுரி, சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் மேலாண்மை படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் திட்ட அறிக்கைக்காக ஏதாவது ஒரு கம்பெனியின் அனுமதி வாங்கி, நூறு ஊழியர்களிடம் ‘பணித் திருப்தி’ படிவம் கொடுத்து வாங்குகிறார்கள். கம்பெனி அனுமதித்த இடத்தில், கம்பெனி நேரத்தில், மேற்பார்வையாளர் கண் முன்னால். அவர்களில் பத்துப் பேர் காபிப் பறிப்பும் பொங்கலும் சேர்ந்து வரும் ஜனவரியில் வத்தல்மலைக்கு ஏறினால், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள்களில் அவர்களையே நேரில் கேட்கலாம். பிறகு அவர்கள் பெயர் சொன்ன ஓசூர், திருப்பூர், பெங்களூர் பணியிடங்களுக்குக் கீழே இறங்கிப்போய் நிர்வாகத்தின் பதிலை வாங்கட்டும். வழிகாட்டும் பேராசிரியர் மாதிரி அளவு போதாது என்று மறுக்கலாம். ஒரு மலையை முழுதாகக் கேட்டால் அது மாதிரி அல்ல, முழுக் கணக்கு என்று அவருக்குப் பதில் சொல்லலாம்.